நூறு மீட்டருக்கு அப்பால்

தமிழகச் சிற்றூர்களில் கிராம சபை கூடும் நாள்கள் நெடுங்காலமாக நான்கு: குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள். 2022-ஆம் ஆண்டில் உலகத் தண்ணீர் நாளும் உள்ளாட்சி நாளும் சேர்க்கப்பட்டு அவை ஆறாயின. முதலில் சொன்ன நான்கு நாள்களுக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. அவை அரசு மதுபானக் கடைகளின் விடுமுறை நாள்கள். ஆகவே ஊர் கூடி, 'இந்தக் கடை எங்களுக்கு வேண்டாம்' என்று கை உயர்த்தும் வேளையில், கடையின் இரும்புக் கதவு இறங்கியே இருக்கும். முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்வோரையும், கூடுதல் விலைக்கு மறைவில் விற்போரையும் நாம் அறியாதவர் அல்லோம். எனினும் அன்று தெரு சற்று வேறாகத்தான் இருக்கிறது. கடை இல்லாத ஊர் எப்படியிருக்கும் என்பதை ஆண்டில் சில நாள்கள் நமக்குக் காட்டிவிட்டு, மறுநாளே அக்காட்சியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். பெரிய வெள்ளி நாம் கண்ட விடுமுறைப் பட்டியல்களில் இல்லை என்ற மனத்தாங்கல் நம்மவர்களிடையே உண்டு. அதைப் பேசுவதற்கு இது இடமன்று.

நாம் பேச விழைவது, அந்தக் கை உயர்த்தலுக்கு என்ன பொருள் என்பதைப் பற்றி.

கிராம சபை என்பது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் அவையன்று, தேர்ந்தெடுப்பவர்களின் அவை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். 1992-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தமும், அதைத் தொடர்ந்து வந்த 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அதற்கு இடம் தந்தன. அங்கே வரவு செலவுக் கணக்கு படிக்கப்படும். நலத்திட்டப் பயனாளிகளின் பட்டியல் ஒப்புதல் பெறும். எந்தத் தெருவுக்குச் சாலை, எந்தக் குளத்துக்குத் தூர்வாருதல் என்பன பேசப்படும். ஒரு வீட்டுக்குக் குடிநீர் இணைப்புத் தருவதும், தெருமுனையில் விளக்கொன்று நடுவதும் ஊராட்சியின் கையில் உள்ளவை. அந்த விளக்கின் கீழேயே ஒரு மதுக்கடை திறக்கப்படுமானால், அது மட்டும் ஊராட்சியின் கையில் இல்லை.

ஏன் இல்லை என்று சட்டநூலைப் புரட்டினால் விடை எளிது. ஊராட்சிகளுக்கு மாநிலங்கள் ஒப்படைக்கத்தக்க பொருள்கள் இருபத்தொன்பதை அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணை வரிசைப்படுத்துகிறது. வேளாண்மையில் தொடங்கும் அந்தப் பட்டியலில் மீன்வளம் உண்டு, நூலகம் உண்டு, சந்தைகளும் திருவிழாக்களும் உண்டு, மது இல்லை. மதுவகைகள் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் எட்டாவது இனமாக, மாநில அரசின் தனியுரிமையாக நிற்கின்றன. குழந்தைகள் நூலெடுத்துப் படிக்கும் இடம் எங்கே அமைய வேண்டும் என்பதில் ஊருக்கு வாய் உண்டு. தகப்பன்மார் குடிக்கும் இடம் எங்கே என்பதில் இல்லை.

இது நேற்று வந்த ஏற்பாடன்று. 1886-ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்தின் காலந்தொட்டு, கடை திறப்பது வருவாய்த்துறையின் காரியமாகவே இருந்துவந்தது. 1921-இல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலை நாம் பள்ளிநூல்களில் படித்திருக்கிறோம். நாகம்மையாரும் கண்ணம்மாளும் கடைவாசலில் நின்ற வரலாறு அது. அம்மறியலை முன்னின்று நடத்திய ஈ.வெ.ராமசாமி அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு அதே ஈரோடு நகராட்சியின் தலைவராக இருந்தவர் என்பதை அவ்வளவாக நினைப்பதில்லை. நகரின் குடிநீருக்கும் தெருவுக்கும் பொறுப்பேற்றிருந்த ஒருவர், நகரின் கள்ளுக்கடையை மூட வேண்டுமானால் அதன் வாசலில் போய் நிற்பதைத் தவிர வழியறியாதிருந்தார்.

பின்னர் 1937 அக்டோபர் 1-ஆம் நாள் இராஜாஜியின் அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948-இல் அது மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் நீக்கப்பட்டது, 1974-இல் கடைகள் மீண்டும் மூடப்பட்டன, 1981-இல் மீண்டும் திறக்கப்பட்டன. 1983-இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது இன்று ஊரார் வாயில் வழங்கும் டாஸ்மாக், மொத்த விற்பனைக்கென நிறுவப்பட்டது. 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையும் அதன் தனியுரிமை ஆயிற்று. இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மூடியபோதும் ஊரைக் கேட்டு மூடவில்லை. திறந்தபோதும் ஊரைக் கேட்டுத் திறக்கவில்லை. மதுவிலக்கும் மதுவிற்பனையும் தலைநகரிலிருந்து வந்து இறங்கின. மழையும் வெயிலும் போல அவற்றை ஏற்றுக்கொள்ள மக்கள் பழகிப்போயினர்.

ஊருக்கெனச் சட்டம் விட்டுவைத்த ஒரே பிடிமானம் தூரம். 2003-ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதிகள், வழிபாட்டிடங்களிலிருந்தும் கல்வி நிலையங்களிலிருந்தும் மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டருக்குள்ளும், பிற பகுதிகளில் 100 மீட்டருக்குள்ளும் கடை அமைக்கலாகாது என்கின்றன. வணிகப் பகுதி எனக் குறிக்கப்பட்ட இடங்களுக்கு இதிலும் விலக்குண்டு. சிற்றூருக்கு நூறு, நகரத்துக்கு ஐம்பது என்ற இக்கணக்கை வகுத்தவர்கள் என்ன எண்ணி வகுத்தனரோ! நூறு மீட்டரைக் கடக்க ஒரு சிறுவனுக்கு ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் ஆகும்.

இதனினும் பெரிய தூரக்கணக்கு ஒன்று 2016 டிசம்பர் 15-இல் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது. தமிழகத்தைச் சேர்ந்த வழக்கிலேயே அத்தீர்ப்பு எழுந்தது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் ஓரத்திலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்றது நீதிமன்றம். இருபதாயிரமும் அதற்குக் குறைந்தும் மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு அது பின்னர் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. சாலையில் மடிந்த உயிர்களை எண்ணி எழுதப்பட்ட நல்ல தீர்ப்பு என்பதில் நமக்கு ஐயமில்லை. 2017 ஏப்ரல் தொடக்கத்தில் தமிழகத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் நெடுஞ்சாலை ஓரங்களை விட்டு அகன்றன. ஆனால் அவற்றுள் பல மறையவில்லை. சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தோப்புகளுக்கும் குடியிருப்புகளுக்கும் நடுவே இடம் தேடின. அவ்வாறு தேடிவந்த கடைகளுக்கு முன்பாகத்தான் அந்தக் கோடையில் பெண்கள் ஊர்தோறும் திரண்டனர். திருப்பூர் மாவட்டத்துச் சாமளாபுரத்தில் காவல் அதிகாரி ஒருவர் ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே தொலைக்காட்சியில் கண்டது.

அப்போது ஊராட்சிகள் என்ன செய்துகொண்டிருந்தன என்று வினவலாம். வினாவிலேயே பிழை உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றம் என்ற ஒன்றே அன்று தமிழகத்தில் இல்லை. உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. ஊரகப் பகுதிகளுக்கு அடுத்த தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். இடைப்பட்ட மூன்றாண்டுகளும் தனி அலுவலர்களே ஊராட்சியை நடத்தினர். மூவாயிரம் கடைகள் இடம்பெயர்ந்து ஊருக்குள் நுழைந்த பருவத்தில், ஊரின் சார்பாகப் பேச வேண்டிய நாற்காலி வெறுமையாய்க் கிடந்தது. (2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்தபோதும் தனி அலுவலர்களே வந்தமர்ந்தனர் என்பதையும் இங்கே குறித்து வைக்கிறோம்.)

நமது ஊருக்கும் அந்தக் கோடையில்தான் கடை வந்தது.

தென்கோடி மாவட்டம் ஒன்றில், நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து கோயிலுக்கும் பள்ளிக்கும் செல்லும் கிளைச்சாலையில், தென்னந்தோப்பை ஒட்டிய ஒரு பழைய கிடங்கு வாடகைக்குப் போயிற்று. கிடங்குக்கு உரியவர் நமது பங்கைச் சேர்ந்தவரே. உரம் வைத்திருந்த காலத்தில் கிடைத்த வாடகையைப்போல் பன்மடங்கு கிடைக்கும் என்பது அவரது கணக்கு. மகளுக்கு அந்த ஆண்டு திருமணம். அவரை வெறுக்க நமக்கு மனம் வரவில்லை. அவரும் ஞாயிறு பூசைக்கு வந்து கடைசி வரிசையில் நின்றுவிட்டு, நன்றி மன்றாட்டுக்கு முன்பே வெளியேறிவிடத் தொடங்கினார். கடையில் விற்பனையாளராக வந்தவர் பக்கத்துப் பங்கின் பட்டதாரி. 2003-இல் தொகுப்பூதியத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்களுள் ஒருவர். அரசு வேலை என்று எண்ணிப் பெண் கொடுத்தார்கள் என்று தாமே சொல்லிச் சிரிப்பார். கம்பிவலைக்கு அப்பால் நின்று நாளெல்லாம் கை நீட்டி வாங்கி, கை நீட்டிக் கொடுத்தார். மதுக்கடைக்கு எதிராக எழுதுவோர் கடையை ஓர் அரக்கனாகத் தீட்டுவது வழக்கம். உள்ளே இருப்பவர் இவர்தாம்.

2017 மே 1-ஆம் நாள் கிராம சபை. வழக்கமாகப் பெண்கள் வருவர், ஊரக வேலைத்திட்ட அட்டையோடு தொடர்புடையது என்பதால் வருவர், கையெழுத்திட்டுவிட்டுப் போவர். அன்று ஒருவரும் போகவில்லை. தனி அலுவலர் கணக்கு வாசித்து முடித்ததும், மாதர் சங்கத் தலைவி எழுந்து, கடையை அகற்றக் கோரும் தீர்மானத்தை எழுதச் சொன்னார். "அது எங்க அதிகாரத்துல வராதும்மா" என்றார் அலுவலர். கடிந்து சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். "அதிகாரம் இல்லாட்டாலும் பேனா இருக்குல்லா சார், எழுதுங்க" என்றார் தலைவி. எழுதினார்.

கை உயர்த்தியவர்களுள் கட்டட வேலைக்குச் செல்லும் ஒருவரும் இருந்தார். கடைக்கு நாள் தவறாமல் செல்பவர் அவர் என்பது ஊரறிந்த செய்தி. ஆகவே சிரிப்பு எழுந்தது. அவர் கையை இறக்கவில்லை. "சிரிக்காதீங்க. வேல முடிஞ்சு வாற வழியில இருக்கு. வழியில இல்லன்னா நான் நேரா வீட்டுக்குப் போயிருவேன்" என்றார். அன்றைய கூட்டத்தில் பேசப்பட்டவற்றுள் நம் மனத்தில் தங்கியது இச்சொல்லே. குடிப்பவரும் ஊரின் வாக்காளர். தமக்கு எது வலிவிழக்கச் செய்கிறது என்பதை அவரினும் நன்கறிந்தவர் எவருமிலர். அவரைக் கேட்காமல் அவருக்காகக் கடை திறப்பவர்களும், அவரைக் கேட்காமல் அவருக்காகக் கடை மூடுவோம் என்பவர்களும் இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டிருக்க வேண்டும்.

சில வாரங்களுக்குப் பின் அளவுநாடாவோடு இருவர் வந்தனர். பள்ளியின் வாயிற்கதவிலிருந்து கடையின் கதவு வரை 112 மீட்டர். கோயிலிலிருந்து இன்னும் தொலைவு. ஆனால் மாதா கெபி இருக்கிறதே, அதிலிருந்து அறுபதுக்குள் அல்லவா என்று பெண்கள் சுட்டிக்காட்டினர். "இங்கே பூசை நடக்குமா?" என்று வந்தவர் வினவினார். "செவ்வாக்கெழம செபமால நடக்கும் ஐயா" என்றார் ஒரு மூதாட்டி. அவர் சற்று நேரம் சிந்தித்து, குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டார். செபமாலை நடக்கும் இடம் விதிகளின்படி வழிபாட்டிடமா என்பது இறுதிவரை நமக்குத் தெரிவிக்கப்படவில்லை. நாடாவைச் சுருட்டும்போது அம்மூதாட்டி அவர்களுக்கு மோர் கொடுத்தனுப்பினார்.

திங்கட்கிழமை மனுக்கள், சாலை மறியல், மறுபடியும் மனுக்கள் என ஓராண்டுக்கும் மேல் சென்றது. அவற்றை விரித்துரைப்பின் வாசகர் சலிப்படைவர். தமிழகத்தில் இவ்வழி நடந்து தேயாத ஊர் அரிது. 2018 இறுதியில் கடை அகற்றப்பட்டது. தீர்மானத்தாலா, மறியலாலா, கிடங்குக்கு உரியவர் மகளின் திருமணம் முடிந்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்ததாலா என்பதை எவரும் அறியார். நாம் மூன்றாவதே காரணம் என்று கருதுகிறோம். ஊரில் வெடி வெடித்தார்கள்.

கடை இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் அடுத்த ஊராட்சியில் திறக்கப்பட்டது. அந்த விற்பனையாளரே அங்கும் சென்றார். கட்டட வேலைக்காரர் சொன்ன சொல்லைக் காத்தார். சில மாதங்கள் நேரே வீட்டுக்கு வந்தார். பின்னர் பழைய இருசக்கர வண்டி ஒன்றை வாங்கினார். அவர் மனைவி ஒருநாள் கோயில் படிக்கட்டில் அமர்ந்து சொன்னார்: "முன்ன நடந்து வந்து விழுவாரு. இப்ப வண்டியில வாறாரு."

அடுத்த ஊரின் பெண்களை நாம் சந்தித்தது திருவிழாச் சந்தையில். நம் மாதர் சங்கத் தலைவியை நோக்கி அவர்களுள் ஒருவர், உறவுமுறை சொல்லியே கேட்டார்: "மதினி, ஒங்க தெருவுல வேண்டாம்னு நீங்க சொல்லிட்டீங்க. எங்க தெருவுல வேணும்னு யாரு சொன்னா?"

அக்கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. நம்மிடம் கேட்கப்பட வேண்டிய கேள்வியும் அன்று அது. ஆயினும் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அதுவே. நூறு மீட்டர், இருநூற்றிருபது மீட்டர், ஐந்நூறு மீட்டர், இரண்டு கிலோமீட்டர் என எல்லாமே 'எங்கே' என்ற ஒரே வினாவுக்கான விடைகள். இந்த விதிகளும் தீர்ப்புகளும் நமது வெற்றியும் கடையை நகர்த்தின. ஒரு பாத்திரத்தில் உள்ள நீரை ஒருபுறம் சாய்த்தால் மறுபுறம் ஏறுவதுபோல, எந்த ஊர் குறைந்த குரலுடையதோ, எந்தத் தெருவில் வழக்கறிஞர் இல்லையோ, அங்கே அது போய்ச் சேர்ந்தது. 'வேண்டுமா' என்ற வினா ஒருமுறையும் எந்த ஊரிடமும் கேட்கப்படவில்லை.

அவ்வினாவைக் கேட்க வழியே இல்லையா என்றால், இந்நாட்டிலேயே உண்டு. மகாராஷ்டிரத்தில் ஓர் ஊரின் பெண் வாக்காளர்களுள் நான்கில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டுக் கோரினால், கலால் துறை வாக்கெடுப்பு நடத்த வேண்டும். வாக்குச் சீட்டில் இரண்டு படங்கள் இருக்கும். நிமிர்ந்து நிற்கும் குப்பி ஒன்று. படுத்துக் கிடக்கும் குப்பி ஒன்று. நிற்கும் குப்பி, கடை இருக்கட்டும் என்பது. படுத்த குப்பி, மூடுக என்பது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் தவறின்றி வாக்களிக்கலாம். வீட்டுக்காரருக்கும் கடைக்காரருக்கும் தெரியாமல் வாக்களிக்கலாம். இதில் ஒரு கடுமையான விதி, வந்து வாக்களித்தவர்களுள் பாதிப்பேர் போதாது என்பது. பட்டியலில் உள்ள பெண் வாக்காளர் அனைவருள்ளும் பாதிக்கு மேல் படுத்த குப்பியில் முத்திரை இட வேண்டும். கரும்பு வெட்ட வெளியூர் சென்றவள், மகப்பேற்றுக்குத் தாய்வீடு போனவள், வரவேண்டாமென்று வீட்டில் அடைக்கப்பட்டவள் ஆகிய அனைவரும் நிற்கும் குப்பியின் பக்கமே எண்ணப்படுவர். அவ்வளவு உயரமான தடையையும் தாண்டி அங்கே கடைகள் மூடப்பட்டிருக்கின்றன.

பழங்குடியினர் வாழும் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கென 1996-இல் வந்த நடுவண் அரசின் சட்டம், மதுவிலக்கை நடைமுறைப்படுத்தவோ விற்பனையைக் கட்டுப்படுத்தவோ தடுக்கவோ கிராம சபைக்கும் ஊராட்சிக்கும் அதிகாரம் இருத்தல் வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நடைமுறையில் அது முழுவதும் நிறைவேறிற்று என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் கிராம சபையால் இதை முடிவுசெய்ய இயலும் என்று நாடாளுமன்றமே ஒருமுறை ஏற்றுக்கொண்டது. தமிழகத்தில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லாமையால் அச்சட்டம் நம்மை எட்டவில்லை.

எல்லைக்கு அப்பால் கேரளத்தின் கதை வேறு. களியக்காவிளையைக் கடந்து பாறசாலைக்குள் நுழைந்தால், 1994-ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தில் 232 என்றொரு பிரிவும், நகராட்சிச் சட்டத்தில் 447 என்றொரு பிரிவும் அங்கே நெடிது விவாதிக்கப்பட்டவை. மதுக்கடைக்கு உள்ளாட்சியின் இசைவு வேண்டும் என்ற நிலை அவற்றால் ஏற்பட்டிருந்தது. 2017-இல் அம்மாநில அரசு அவசரச் சட்டம் ஒன்றினால் அந்நிலையை மாற்றியது. கேரள ஆயர் பேரவையின் மது எதிர்ப்பு ஆணையம் அதைக் கடுமையாக எதிர்த்தது. கொடுக்கப்பட்ட உரிமை எவ்வளவு எளிதில் திரும்பப் பெறப்படும் என்பதற்கு அது சான்று. தமிழகத்திலோ, பெறுவதற்கே ஒன்றுமில்லை.

கடல் கடந்து பார்ப்பின், இங்கிலாந்தில் 2003-ஆம் ஆண்டின் உரிமச் சட்டம், நீதிபதிகளிடமிருந்த மது உரிமப் பொறுப்பை 2005 முதல் உள்ளாட்சி மன்றங்களுக்கு மாற்றியது. கடை திறக்க விண்ணப்பம் வந்தால் அறிவிப்பு ஒட்டப்படும். இருபத்தெட்டு நாள்களுக்குள் அண்டை வீட்டார் மறுப்புரைக்கலாம். மன்ற உறுப்பினர் மூவர் அமர்ந்து விசாரிப்பர். அங்கும் குறை உண்டு. குற்றம், பொதுமக்களின் பாதுகாப்பு, தொல்லை, குழந்தைகளுக்குத் தீங்கு என்ற நான்கைப் பற்றியே பேசலாம். குடிப்பவரின் ஈரலைப் பற்றிப் பேச இடமில்லை. ஸ்காட்லாந்தின் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் மக்கள் உடல்நலத்தையும் ஐந்தாவதாகச் சேர்த்துக்கொண்டது. கோட்பாட்டளவில் நமக்கு ஸ்காட்லாந்தே உவப்பு.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றை நாம் கேளாமல் இல்லை. வருவாய் என்பர். 2023-24-இல் மதுவிற்பனையால் மாநிலக் கருவூலத்துக்கு வந்தது 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையாகிய ஆயிரம் ரூபாயும், பள்ளிப் பிள்ளைகளின் காலை உணவும் ஆகாயத்திலிருந்து வருவனவல்ல என்பதும் உண்மையே. ஆனால் வருவாய்க்கு இடையூறாகும் என்பதனால் ஊரைக் கேட்கலாகாது என்றால், ஊரின் விடை என்னவாக இருக்கும் என்பதைக் கேட்காமலே அறிந்துவைத்திருக்கிறார்கள் என்றன்றோ பொருள்படும்?

கடையை மூடினால் கள்ளச் சாராயம் பெருகும் என்பர். அச்சம் மெய்யானது, அதைத் தள்ளிவிடுவதற்கில்லை. எனினும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த சாராயத்தால் மாண்டது, அரசுக் கடைகள் திறந்திருந்த மாவட்டத்தில்தான். குறைந்த விலையும் காவலின் கண்மூடலும் கூடியிருக்கும் இடத்தில், பூட்டிய கடையும் திறந்த கடையும் ஒன்றே.

மூன்றாவது மறுப்பே நம்மைச் சிந்திக்க வைத்தது. உரிமம் தரும் அதிகாரம் ஊராட்சி மன்றத்துக்கு வந்தால், நாளை அந்த மேசைக்கு அடியிலும் உறை கைமாறும் என்று நம் பங்கின் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சொன்னார். தலைவரின் மைத்துனருக்கே கிடங்கு சொந்தமாக இருக்கலாம். ஒன்பது உறுப்பினரை விலைக்கு வாங்குவது ஓர் அமைச்சரகத்தை வாங்குவதினும் எளிது. இதை நாம் மறுக்கவில்லை. ஆகவே மன்றத்துக்கு அன்று, சபைக்கு வேண்டும் என்கிறோம். கை உயர்த்தி அன்று, சீட்டில் முத்திரையிட்டு. அதுவும் ஓர் ஊர் தனியாக அன்று. ஒரே கடைக்கு மக்கள் சென்றுவரும் ஊர்கள் எத்தனையோ அத்தனையும் சேர்ந்து. இல்லையேல் மதினியின் கேள்வி தீராது. சிறிய சமூகம் தானே செய்யவல்லதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது நீதியன்று என்று திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1931-ஆம் ஆண்டின் சமூகச் சுற்றுமடலில் கற்பித்தார். நமது கருத்தரங்குகளில் அக்கோட்பாடு ஆண்டுதோறும் ஒப்பிக்கப்படுகிறது. அது இக்கிடங்கின் வாசலில் வந்து நிற்கும்போது அதை அடையாளம் கண்டுகொள்வோர் சிலரே.

இரண்டு ஊர்ப் பெண்களும் அந்தச் சந்தைக்குப் பின் பேசிக்கொள்ளத் தொடங்கினர். முதலில் நம் ஊரில் சிலர் முணுமுணுத்தனர்; நமக்குத்தான் போய்விட்டதே, இன்னும் எதற்கு என்றனர். கட்டட வேலைக்காரரின் மனைவி அவர்களுக்கு விடை சொன்னார். அதை இங்கே எழுதவியலாது. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடத் தொடங்கியபின், ஒரு காந்தி நாளில் இரண்டு சபைகளிலும் ஒரே தீர்மானம் முன்மொழியப்பட்டது. கடையை அகற்றுக என்பதன்று அதன் வாசகம். இவ்விரு ஊராட்சிகளின் எல்லைக்குள் மதுக்கடை ஒன்று இருக்க வேண்டுமா என்பதை வாக்குச்சீட்டின் வழியாக மக்களிடம் கேட்டறிய அரசு வழிசெய்ய வேண்டும் என்பது. அடுத்த ஊரின் தீர்மானத்தில் நம் ஊரின் பெயரும், நம் ஊரின் தீர்மானத்தில் அவர்கள் ஊரின் பெயரும் எழுதப்பட்டன. எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொல்லி, வாசித்துக் காட்டிய பின்னரே பெண்கள் கையெழுத்திட்டனர்; எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தனர். நகல் கேட்டு விண்ணப்பித்து, தீர்மான எண்ணைக் குறித்து, ஒரு திங்கட்கிழமை இரண்டு ஊரிலிருந்தும் ஒரே பேருந்தில் சென்று மனுவைச் சேர்த்தனர். பெற்றுக்கொண்டதற்கான சீட்டு மாதர் சங்கத் தலைவியின் வீட்டில், ஞானஸ்நானச் சான்றிதழ்களும் ரேஷன் அட்டையும் வைத்திருக்கும் தகரப் பெட்டியில் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. அடுத்த கிராம சபையில் அதைப் பற்றிக் கேட்பதற்கு இரண்டு ஊரிலும் ஆள் குறிக்கப்பட்டிருக்கிறது.